றேடியோ நானாவின் தேயிலைப் பெட்டி

“றேடியோ நானா! ஓய், றேடியோ நானா!”

எங்கள் வீட்டு வேலிக் கடப்பில் நின்று எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். நானா என்றால் அண்ணன். வாப்பாவுக்கு வேறு பேர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் இருந்தது. அவர் மூச்சு நின்று மௌத்தான அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அந்தப் பேரைத்தான் அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, “யாரு உம்மா மௌத்து?” என்று தன் தாயிடம் கேட்டது. “நம்மட றேடியோ நானா” என்று தாய் சொன்ன பிறகுதான் அது அழத் தொடங்கியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒலிபெருக்கி சொன்ன பேர் யாரோ ஒருவருடையது போலவும், வாப்பா இன்னும் வேலையால் வந்து சேரவில்லை போலவும்.

நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஆட்கள். நான் அப்படி வந்தவள் இல்லை. கற்பிட்டி ரோட்டோரம் தென்னங்கிடுகால் கட்டிய அகதிக் கேம்பிலே பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். வீட்டில் தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக் கடைக்குக் கொடுக்கிறேன். இதை எழுதத் தொடங்கியது வாப்பாவின் பாட்டுக் கசட்டுகளுக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்காகத்தான்.

வாப்பா உப்பளத்தில் மூட்டை சுமந்தார். கேம்புக்கு வந்து கொஞ்சக் காலத்தில், புத்தளத்தில் யாரோ கழித்த பழைய றேடியோ செட் ஒன்றை வாங்கி வந்தாராம். கசட்டும் போடலாம். கேம்பில் கரண்ட் இல்லை. லொறி பெற்றரி ஒன்றைக் கடைச்சந்தியில் சார்ஜ் பண்ணி, தோளில் வைத்துக்கொண்டு வருவார். “பச்சப் புள்ளயத் தூக்குற மாதிரித் தூக்கிட்டு வருவாரு. என்னக் கூட அப்புடித் தூக்கினதில்ல” என்று உம்மா சொல்வார்.

கசட் இருந்தவர்களிடம் செட் இல்லை. மன்னாரைவிட்டு வரும்போது உடுப்பு மூட்டைக்குள் ஒன்றிரண்டு கசட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். சவூதியில் இருந்த பிள்ளைகள் அனுப்பிய கசட் இருந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் அதைக் கொண்டுவந்து வாப்பாவிடம் கொடுத்தார்கள். “உங்களிட்டயே இரிக்கட்டும் நானா, எங்கட குடில்ல எலி” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாப்பா ஒரு தேயிலைப் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளுக்குள் பொலித்தீன் விரித்து அவற்றை அடுக்கினார்.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் குடிசைக்கு முன்னால் பாய் விரிந்துவிடும். வாப்பா சும்மா பாட்டுப் போடமாட்டார். அகப்பையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வானொலியில் சொல்வதுபோல அறிவிப்பார்.

“நேயர்களே, அடுத்து வரும் பாடலை உங்களுக்குத் தருபவர் கருவாட்டு நானா. நேயர்களே, கருவாட்டு நானா இண்டைக்குக் குளிச்சிட்டு வந்திரிக்கார், பயப்புடாமக் கிட்ட இரிக்கலாம்.”

அவர் அறிவித்ததில் ஒரு விஷயம் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. யார் கொடுத்த கசட்டோ அவர் பேரில் போடுவார், அது சரி. தன் சம்பளத்தில் தான் வாங்கிய கசட்டையும் வேறு யாராவது ஒருவரின் பேரில்தான் போடுவார். ஒரு வீட்டில் கலியாணம் என்றால் மாப்பிள்ளை பேரில். காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பேரில். “இது என்ட” என்று அவர் வாயால் ஒரு பாட்டும் போட்டதில்லை.

பிறகு கல் வீடு வந்தது, கரண்ட் வந்தது. எல்லாரும் தங்களுக்கென்று செட் வாங்கினார்கள், ரீவி வாங்கினார்கள், கடைசியில் போனிலேயே பாட்டு வந்தது. கசட்டைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. பெட்டி எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. நாடா சிக்கிச் செத்துப்போன கசட்டைக்கூட வாப்பா எறியமாட்டார். நாடாவை இழுத்துக்கொண்டுபோய், பின்வளவு வெங்காயப் பாத்திக்கு மேலே குருவி வராமல் கட்டிவிடுவார். காற்றுக்கு அது ‘விர்ர்’ என்று அடிக்கும். “இதுவும் ஒரு ஸ்டேஷன்தான், மகள். பாட்டு மட்டும் விளங்காது” என்பார்.

நான் தைக்கும்போது வாப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கசட் போடுவார். நீல நிறத்தில், கவர் இல்லாத ஒரு கசட் இருந்தது. அதில் ஒரு பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து குழல் மட்டும் கொஞ்ச நேரம் வரும். அந்த இடம் வரும்போது வாப்பா கையை உயர்த்துவார். நான் மெஷினை நிறுத்த வேண்டும். குழல் முடிந்ததும் கையை இறக்குவார். நான் மிதிக்கலாம். நாங்கள் இதைப்பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. அவர் கை உயரும், நான் நிறுத்துவேன், அவ்வளவுதான்.

சண்டை முடிந்து, மன்னாருக்குத் திரும்பிப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. வாப்பா உப்பளத்திலிருந்து வந்து, நெஞ்சு இறுகுகிறது என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

அடக்கத்துக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன் உறவுக்காரர் ஒருவர் எழும்பி நின்று, மௌத்தானவரின் கொடுக்கல் வாங்கலைப் பொறுப்பெடுக்க வேண்டும். உம்மாவின் தம்பி, என் மாமா, எழும்பினார். “மச்சான் யாருக்கும் குடுக்க இரிந்தாலோ, யாருடயும் அமானத் அவரிட்ட இரிந்தாலோ எங்களிட்டச் சொல்லுங்க, நாங்க பொறுப்பு” என்றாராம். அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். எல்லா ஜனாஸாவிலும் சொல்கிற சொல்தான். மாமாவும் அதை அப்படித்தான் சொன்னார்.

உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் மௌத்தானால் அந்தக் காலம் முடியும்வரை வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாது. உள்ளறை வாசலுக்கு நான் பழைய படுக்கை விரிப்பில் ஒரு திரை தைத்துப் போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் உம்மா வெள்ளை உடுத்திக்கொண்டு ஓதிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் நானும் மெஷினும் பெட்டியும்.

ஒரு நாள் உம்மா திரைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

“மகள், அந்தப் பெட்டிய எரிச்சிரணும்.”

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் உம்மா?”

“மனிசன் மௌத்தானா செய்யிற அமல் எல்லாம் நிண்டிரும். ஆனா விட்டுட்டுப் போனது நிக்காதாம். நல்லத விட்டுட்டுப் போனா நல்லது போய்ச் சேந்துக்கிட்டே இரிக்கும். பாட்ட விட்டுட்டுப் போனா…” பாட்டுப் பாவம் என்று பயானில் சொல்லக் கேட்டிருந்தார் உம்மா. பிறகு, “கபுறுக் குழிக்குள்ள அவருக்கு யாரு மகள் துணை? நானும் இல்ல, நீயும் இல்ல” என்றார்.

உம்மாவைக் கோபிக்க என்னால் முடியவில்லை. வாப்பா உப்பு மூட்டை சுமந்து தோலுரிந்து வரும்போதெல்லாம் தேங்காயெண்ணெய் போட்டு நீவிவிட்டவர் உம்மா. இப்போது நீவ முடியாத இடத்தில் அவர் கிடக்கிறார். அங்கே அவருக்கு ஒரு வலியும் வரக் கூடாது என்றுதான் உம்மா பயந்தார். ஆனால் எனக்கு அந்த நீலக் கசட் வேண்டும். அந்த ஒன்றாவது வேண்டும். அதை உம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், வாப்பாவின் கபுறை விடப் பாட்டு எனக்குப் பெரிது என்று ஆகிவிடும்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாமா வந்தார். கையில் ஒரு சோடாப் போத்தல் நிறைய மண்ணெண்ணெய். மாமா இப்போது பாட்டுக் கேட்பதில்லை. தாடி விட்டு, பள்ளியோடு இருக்கிறவர். அக்காவான உம்மாவை ராத்தா என்று கூப்பிடுவார்.

“ராத்தா சொல்றது சரி, புள்ள. கவலப்படாத. பின்வளவுல வைச்சு அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவம்.”

பெட்டியை அவர் ஒரு பக்கம் பிடித்தார். மற்றப் பக்கத்தை நான்தான் பிடிக்க வேண்டும். பிடித்தேன். இரண்டு பேருமாக வாசல்வரை கொண்டுவந்துவிட்டோம். அப்போது கடப்பில் கருவாட்டு நானா நின்றார். கேம்பில் எங்கள் குடிசைக்கு எதிரே இருந்தவர். இப்போதும் கருவாடுதான் விற்கிறார்.

“பள்ளில சொன்னீங்கதானே தம்பி, அமானத் இரிந்தாச் சொல்லச் சொல்லி. என்ட ரெண்டு கசட் றேடியோ நானாட்ட இரிக்கி.”

மாமா போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“இப்ப என்னத்துக்கு நானா அது? காலம் போன கசட்.”

“கசட்டுக்குக் காலம் போனா அமானத்துக்கும் காலம் போகுமா? நீதானே எழும்பி நிண்டு பொறுப்பெடுத்த. கையில என்னது, சோடாவா?”

“மண்ணெண்ண.”

“நல்லம். எனக்கு ஒரு டீ போதும்.”

திரைக்குள்ளிருந்து உம்மாவின் சத்தம் வந்தது. “தம்பி, பெட்டிய வை.”

“ராத்தா…”

“அமானத்த எரிக்கேலாது. எரிச்சா மறுமைல அதுக்கும் அவரத்தான் புடிப்பாங்க. அவங்கட சாமான அவங்கள்ட்டக் குடுத்துட்டு, மிச்சத்த எரி.”

பெட்டியைத் திரும்பவும் உள்ளே வைத்தோம். எது கருவாட்டு நானாவுடையது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. கவர் எல்லாம் மாறிக் கிடந்தது. “போட்டாத்தான் தெரியும்” என்றார் அவர். உம்மா தடுக்கவில்லை. மாமா வெளியே போய் முற்றத்தில் நின்றுகொண்டார், காதில் விழாத தூரத்தில். ஆனால் எங்கள் முற்றம் அவ்வளவு பெரிதில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டேன். மௌத்துக்குப் பிறகு செட்டில் பாட்டுக் கேட்டது அன்றுதான். கொஞ்சம் ஓடவிட்டு, “இது இல்ல” என்பார். அடுத்தது. “இதும் இல்ல.” நாலைந்து போட்ட பிறகு ஒரு பழைய பாட்டு வந்தது. கருவாட்டு நானா “ஆங்” என்றார். கதிரையில் குனிந்து உட்கார்ந்து, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னார்ல எங்கட கடைல போடுறது இது” என்றார். “கடை பத்தடி அகலமும் இல்ல. ஆனா இந்தப் பாட்டுச் சந்தி வரைக்கும் கேக்கும்.”

மற்றதும் கிடைத்தது. இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்று கையை ஏந்தி துஆ கேட்டார்.

“யா அல்லாஹ், இதப் பத்திரமா வைச்சிரிந்த மனிசன். அவருட கபுற விசாலமாக்கு. அவருக்கு அங்க வெளிச்சத்தக் குடு.”

திரைக்குள்ளிருந்து “ஆமீன்” என்று ஒரு சத்தம் வந்தது. வாப்பா போன பிறகு உம்மாவின் தொண்டையிலிருந்து அழுகை கலக்காமல் வந்த முதல் சத்தம் அதுதான்.

அன்று மாமா போத்தலை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். “மத்த ஆக்களும் வந்து எடுக்கட்டும். வெள்ளிக்கிழமை பள்ளில சொல்லுறன்” என்றார்.

சொன்னார். அதற்குப் பிறகு வரத் தொடங்கிய சனம் கொஞ்சமில்லை.

கேம்பில் வாப்பாவோடு இருந்தவர்கள் வந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். சிலர் வந்ததும் நேரே பெட்டிக்குள் கை விட்டார்கள், மீன் பொறுக்குவதுபோல. செட்டே இல்லாத வீட்டு ஆட்களும் வந்தார்கள். மன்னாருக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பத்துக்காக அவர்களுடைய மருமகன் பஸ் ஏறி வந்தார்.

சந்தியில் அப்பக்கடை வைத்திருக்கும் அக்கா வந்தார். அவர் வன்னியிலிருந்து சண்டைக்குள் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நெற்றியில் திருநீறு. வாப்பா தினமும் விடியற்காலையில் அவரிடம்தான் அப்பம் வாங்குவார்.

“தங்கச்சி, என்ரை கசட் ஒண்டும் இதுக்குள்ளை கிடக்கு” என்றார். பெட்டிக்குள் பார்க்காமலே ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல வந்தது.

“அக்கா, அது…”

“என்ன?”

திரைக்குள்ளிருந்து உம்மா கேட்டார். “அவ எத எடுத்த, மகள்?”

“நோன்புப் பாட்டுக் கசட் உம்மா.”

அந்த அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். “அதுதான். அதுதான் என்ரை” என்றார். “ஏன், நான் நோன்புக் கஞ்சி குடிக்கிறனான் தானே? வருசா வருசம் உங்கடை மனுசன் வாளியோடை கொண்டுவந்து தாறவர். கஞ்சி குடிக்கலாம், பாட்டுக் கேக்கக் கூடாதோ?”

உம்மா பெண்களுக்கு முன்னால் வரலாம். திரையை விலக்கிக்கொண்டு வந்து அந்த அக்காவின் கையைப் பிடித்தார். போகும்போது அக்கா, “நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவருக்காகக் கும்பிடுறன், என்ன?” என்றார். “கேளு தங்கச்சி. அவர் உன்ட அப்பத்தத் திண்ட மனிசன்” என்றார் உம்மா.

பெட்டி இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் நீலக் கசட்டை நான் அடிக்குத் தள்ளிவிடுவேன். எடுத்து ஒளிக்கவில்லை. தள்ளத்தான் செய்தேன்.

அதை எடுத்தது ஓட்டோத் தம்பி. எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிறவன், என்னைவிட வயது குறைந்தவன். வாசலுக்கு வெளியில் நின்றுகொண்டே சொன்னான்.

“மாமி, என்டயும் ஒண்டு இரிக்கி.”

“யாரு நீ?” என்றார் உம்மா, திரைக்குள்ளிருந்து.

“கிணத்தடிக் குடில்ல இரிந்தமே மாமி. கடைசி மகன்.”

“கிணத்தடிக் குடில்ட கடைக்குட்டியா? கேம்ப் காலத்துல நீ எங்கடா கசட் வாங்கின? உனக்குப் பால் போத்தல்தானே இரிந்த.”

“நான் வாங்கல்ல மாமி. நான் பொறந்த அண்டைக்கு றேடியோ நானா என்ட பேர்ல ஒண்டு போட்டாராம். பேர் வைக்க முந்தியே. ‘இந்தப் பாடலை உங்களுக்குத் தருபவர் இண்டைக்குத்தான் நம்மட கேம்புக்கு வந்து சேந்த புது அகதி’ எண்டாராம். உம்மா இதச் சொல்லிச் சொல்லித்தான் என்ன வளத்தா.”

திரைக்குள் உம்மா சிரித்தார். மூக்கால் வந்த சிரிப்பு, உடனே நின்றுவிட்டது.

“ஓம். சொன்னாரு” என்றார். “எல்லாரும் சிரிச்சாங்க. உன்ட உம்மா வலியோட கிடந்தவ, அவளும் சிரிச்சா. மகள், அவன் கேக்குறதக் குடு.”

அவன் பெட்டியின் அடிவரை கையை விட்டு நீலக் கசட்டை எடுத்தான். அதுதான் அன்று போட்டதா என்று அவனுக்கும் தெரியாது. கவர் இல்லாமல் இருந்ததால் பாவம் பார்த்து எடுத்தானோ என்னவோ. என் கை கொஞ்சம் நீண்டது. பிறகு மடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன்.

அன்று மாலை உம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“உம்மா, அவங்க எடுத்துட்டுப் போறது பாதிக்கு மேல வாப்பா வாங்கினது. புத்தளம் பசார்ல வாங்கக்குள்ள நான் பக்கத்துல நிண்டிரிக்கன். எல்லாம் பொய்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“எனக்குக் கண்ணுக்குத்தான் திரை. காதுக்கில்லயே.” உம்மா கஞ்சியை ஊதினார். “எரிக்கப் போறாங்க எண்டு கேள்விப்பட்டு ஓடி வாறாங்க. அது எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்டு சொல்லு. உங்கட வாப்பா அதுகள யாருட பேர்ல போட்டாரு? ஒரு நாளாவது ‘இது என்ட’ எண்டாரா? இத்தன பேருக்கு முன்னால, ‘இத உங்களுக்குத் தருபவர் இன்னார்’ எண்டு அவர் வாயால சொன்னது. அவர் சொல்லிக் குடுத்தத நான் இல்லயெண்டு எப்புடிச் சொல்லுற?”

நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

“பாட்டால அவருக்குப் பாரம் வருமா வராதா எண்டு எனக்கு ஓதிப்படிச்ச அறிவில்ல மகள். பயமாத்தான் இரிக்கி. இப்பவும் பயம்தான். ஆனா கசட்ட எடுத்துட்டுப் போற ஒவ்வொருத்தரும் வாசல்ல நிண்டு அவருக்கு துஆ கேக்குறாங்க. நான் உள்ளுக்க இரிந்து ஆமீன் சொல்லுறன். எரிச்சிரிந்தா இந்த வாயெல்லாம் அவர நினைச்சிரிக்குமா? பாரம் போறதெண்டா, பாரத்தோட துஆவும் போகட்டும்.”

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு உம்மா ஒரு நிபந்தனை வைத்தார். திரைக்குள்ளிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்வார். “கொண்டுபோங்க. ஆனா போடுறதுக்கு முந்தி அவருக்கு ஒரு துஆ கேட்டுட்டுத்தான் போடணும். கேக்காமப் போட்டா நான் பொருந்திக்க மாட்டன்.” பெரிய பெரிய ஆம்பிளைகள் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மாமா வந்து பெட்டியைப் பார்த்தார். அடியில் ஒரே ஒரு கசட் கிடந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். பொலித்தீனை உதறி மடித்தார்.

“ராத்தா, பெட்டி முடிஞ்சி.”

“எல்லாம் குடுத்தாச்சா?”

“ஓம்.”

“உன்ட பைக்குள்ள என்ன கடகடங்குது?”

மாமா என்னைப் பார்த்தார். அந்த வயதில், அந்தத் தாடியோடு, மிட்டாய் களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளையின் முகம்.

“அது என்ட, ராத்தா. கேம்புக்கு வந்து நம்மட வாப்பா மௌத்தானாரே, அந்த முறை நான் கதைக்காமச் சாப்பிடாமக் கிடந்தன். மச்சான் என்ட பேர்ல போட்டாரு. ‘அடுத்த பாடலைத் தருபவர் என்ட மச்சினன், அவர் நாளைக்குச் சாப்பிடுவார்’ எண்டு.” பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். “நான் போடமாட்டன் ராத்தா. சும்மா வைச்சிரிப்பன்.”

“வைச்சிக்க தம்பி” என்றார் உம்மா.

மண்ணெண்ணெய்ப் போத்தல் குசினிக்குப் போனது. அடுப்பு மூட்ட உதவியது.

செட் மட்டும் எங்கள் வீட்டில் மிஞ்சியது. விடிய வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்க உம்மாவுக்கு அது வேண்டும். பெட்டிக்குள் நான் நூல்கட்டைகளையும் வெட்டுத் துணிகளையும் போட்டேன். அன்று உம்மா கேட்டார். “நீ ஒண்டும் எடுக்கலயா?”

“வாப்பா என்ட பேர்ல ஒண்டும் போடல்லயே உம்மா.”

அது உண்மை. ஊரில் எல்லார் பேரிலும் போட்டவர் என் பேரில் மட்டும் போட்டதில்லை. எனக்கு அவர் அறிவிப்பே செய்யமாட்டார். கையைத்தான் உயர்த்துவார். உம்மா என்னை நெடுநேரம் பார்த்தார்.

கொஞ்ச நாள் போனது. உம்மாவின் இத்தா இன்னும் முடியவில்லை. ஒரு மாலை, மஃரிப்புக்குப் பிறகு, நான் மெஷினில் இருந்தேன். கடப்பில் ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

“றேடியோ நானா!”

மெஷின் நின்றது. நான் நிறுத்தவில்லை, கால் தானாக நின்றுவிட்டது. திரைக்குள் ஓதிக்கொண்டிருந்த உம்மாவும் நிறுத்தினார். கூப்பிட்டவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது தான் என்ன கூப்பிட்டோம் என்று.

“மாமி… மன்னிச்சிக்கங்க மாமி. வாய்ப் பழக்கம்.”

ஓட்டோத் தம்பிதான். கையில் நீலக் கசட். அவனுக்குப் பின்னால் அப்பக்கடை அக்கா நோன்புப் பாட்டுக் கசட்டோடு நின்றார். கருவாட்டு நானாவும் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார்.

“என்னடா?” என்றார் உம்மா.

“ஓட்டோல பென்டிரைவ் போடுற செட்தான் மாமி இரிக்கி, கசட் போடேலாது. இந்த அக்காட்டயும் செட் இல்ல. கருவாட்டு நானாட செட் மணல் போய்ச் செத்துட்டு. ஒருக்காக் கூடக் கேக்கல்ல நாங்க. அதான், உங்கட செட்ல…”

அவன் முடிக்கவில்லை. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவர்களிடம் கசட் இருக்கிறது, செட் இல்லை. எங்களிடம் செட் இருக்கிறது, கசட் இல்லை. கேம்பில் இருந்த மாதிரியே.

உம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வெளியே போன பாட்டு வேறு, வீட்டுக்குள் திரும்பி வருகிற பாட்டு வேறு. திரை கொஞ்சம் அசைந்தது.

“முதல்ல துஆவக் கேளுங்க” என்றார் உம்மா. “கேட்ட புறகு மகள் போடுவா.”

அவர்கள் முற்றத்தில் நின்று கை ஏந்தினார்கள். அப்பக்கடை அக்கா கைகூப்பினார். கருவாட்டு நானா துஆ ஓதினார். உள்ளேயிருந்து ஆமீன் வந்தது. நான் போய்ப் பாய் எடுத்து வந்து விரித்தேன். நீலக் கசட்டைச் செட்டில் போட்டேன். பட்டனில் விரலை வைத்தபோது உம்மா சொன்னார்.

“யாருட பாட்டெண்டு சொல்லிட்டுப் போடு, மகள். அவர் சும்மா போடமாட்டாரே.”

அகப்பை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதையே பிடித்துக்கொண்டேன். ஓட்டோத் தம்பியின் பேரைத்தான் சொல்ல வேண்டும், கசட் அவனுடையது. “நேயர்களே” என்றேன். “அடுத்து வரும் பாடலை உங்களுக்குத் தருபவர்…” என்றேன். என் வாயில் அவன் பேர் வரவில்லை. “றேடியோ நானா” என்றேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. ஓட்டோத் தம்பி முகத்தைத் துடைத்தான்.

பாட்டு ஓடியது. குழல் வருகிற இடம் வந்தது. கை உயர்த்த ஆளில்லை. மெஷினும் ஓடவில்லை, நிறுத்தவும் ஒன்றும் இல்லை. பின்வளவில் வெங்காயப் பாத்திக்கு மேலே நாடா காற்றில் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

வாப்பா இருந்திருந்தால் இதை யாருடைய பேரிலாவது போட்டிருப்பார். நான் இதை அவருடைய பேரில் எழுதுகிறேன்.

வாசிக்கிற நீங்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்த மார்க்கமாக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த மாதிரி அவருக்காக ஒரு துஆ கேளுங்கள். கபுறுக்குள் அவருக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டும், பாரம் ஏதும் இருந்தால் இறங்க வேண்டும் என்று கேளுங்கள். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. றேடியோ நானா என்றால் போதும். நீங்கள் கேளுங்கள், ஆமீன் சொல்ல இங்கே உம்மா இருக்கிறார்.